காளவாசலில் பூத்த நீலம்

(அமைப்பியல் துறை, இரண்டாம் ஆண்டு மாணவன்)



நம்ம பக்கத்துல வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னா எல்லாருடைய பேனாவும் கர்னல் பென்னிகுக் பக்கம்தான் போகும். தப்பில்லை. 1895-ல் அவர் கட்டி முடித்த அணைத் தண்ணீரில்தான் கம்பம் பள்ளத்தாக்கே சோறு சாப்பிடுகிறது. எங்க வீட்டு நடுச்சுவரிலும் அவர் படம் உண்டு. ஆனால் இந்த முறை நான் வேறொருவரைப் பற்றி எழுத ஆசைப்படுகிறேன். அவர் பெயர் சர்தார் குருசரண் சிங். நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். வடக்கே பீங்கான் தொழில் செய்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

இவரிடம் நான் வந்து சேர்ந்தது ஒரு கிண்ணத்தால்.

எங்க அம்மாச்சி மேலே ஏலத்தோட்டத்தில் காய் பறித்தவர். ஒரு தடவை தோட்டத்து பங்களாவைக் காலி செய்தபோது விளிம்பு உடைந்த பீங்கான் கிண்ணம் ஒன்றை அம்மாச்சியிடம் கொடுத்துவிட்டார்கள். வெள்ளைக் கிண்ணம், சுற்றிலும் நீலத்தில் கொடியும் இலையும். அடியில் மேட் இன் ஜப்பான் என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கும். அதில் யாரும் சாப்பிட்டதில்லை. ஊறுகாய் ஜாடியைத் தவிர எங்க வீட்டில் இருந்த ஒரே பீங்கான் அதுதான். அம்மாச்சி அதில் சில்லறை போட்டு வைக்கும். நமக்கெல்லாம் எவர்சில்வர் தட்டு, விசேஷம் என்றால் வாழை இலை. கம்பத்தில், உத்தமபாளையத்தில் ராவுத்தர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால்தான் பீங்கான் தட்டைப் பார்க்கலாம். சின்ன வயசில் அந்தக் கிண்ணத்தைப் பார்த்து, ஜப்பான்காரன் எல்லாம் ராஜா மாதிரி இதில்தான் சாப்பிடுவான் போல என்று நினைத்துக்கொள்வேன்.

பிறகு படித்ததில் தெரிந்தது, ஜப்பானில் அது நம்ம எவர்சில்வர் தட்டு மாதிரிதான்! சோற்றுக் கிண்ணம், டீ குடிக்கும் கோப்பை, மீன் வைக்கும் சின்னத் தட்டு எல்லாமே அங்கே வெள்ளையில் நீலம்தான். ஆனால் எடுத்த எடுப்பிலேயே அப்படி இல்லை. 1592-க்கும் 1598-க்கும் இடையில் ஜப்பான் கொரியாவின் மேல் படையெடுத்தது. திரும்பும்போது கொரியக் குயவர்களைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களில் ஒருவர் ரி சாம்பெய். கியூஷூ தீவில் அரிட்டா என்ற ஊரின் மலையில் பீங்கானுக்கு வேண்டிய வெள்ளைக் கல்லைக் கண்டுபிடித்து, 1616-ல் சூளை போட்டவர் அவர்தான் என்று அந்த ஊரார் கொண்டாடுகிறார்கள். கைதியாக வந்தவருக்கு அந்த ஊர்க் கோயில் குன்றில் நினைவுத்தூண் நிற்கிறது! 1650-களில் டச்சுக் கம்பெனிக்காரர்கள் அரிட்டாச் சாமான்களைக் கப்பல் கப்பலாக வாங்கிப் போனார்கள். நம்ம நாகப்பட்டினத்தைப் பிடித்து வைத்திருந்த அதே கம்பெனிதான்.

அதெல்லாம் பணக்காரர் வீட்டுக்கு. பக்கத்து ஊரான ஹசாமியில் கனமான, சீக்கிரம் உடையாத, விலை குறைந்த கிண்ணங்களைச் செய்தார்கள். மலைச்சரிவில் ஏறிப்போகும் நீண்ட சூளையில் ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் வேகவைத்தார்கள். படகில் போகும் கூலிக்காரனும் வழிப்போக்கனும் அந்தக் கிண்ணத்தில் வாங்கிச் சாப்பிட்டார்கள். வரைவதும் சட்டுச் சட்டென்று நாலு இழுப்பில் முடிந்துவிடும். ஒரு ஆள் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் வரையணும் என்றால் கை அப்படித்தான் ஓடும். எங்க வீட்டுக் கிண்ணத்துக் கொடியும் அப்படி ஓடுகிற கொடிதான்.

அந்த நீலம் கோபால்ட். முதலில் பச்சை மண்ணை இலேசாக ஒரு வேக்காடு வேகவைப்பார்கள். அதன்மேல் கோபால்ட் கலந்த மையால் தூரிகையில் வரைவார்கள். வேகாத மண் உறிஞ்சிக்கொள்ளும், அழிக்க முடியாது. அப்போது பார்த்தால் நீலமே தெரியாது, கருப்பாக இருக்கும். மேலே கிளேஸ் என்கிற கண்ணாடிப் பூச்சில் முக்கி எடுத்து, சுமார் 1300 டிகிரி செல்சியஸில் வேகவைத்தால் உள்ளே இருந்து நீலம் எழும்பும். மற்ற பல வண்ணங்கள் அந்தச் சூட்டில் செத்துப்போகும். கோபால்ட் தாங்கும். உலகம் பூராவும் வெள்ளைப் பீங்கானில் நீலமே நிறைந்திருப்பதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

சரி, கதாநாயகருக்கு வருவோம்.

குருசரண் சிங் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் காஷ்மீரத்தில் பிறந்த சீக்கியர். ஜம்முவில் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் கல்லூரியில் நிலவியல் படித்தார். கல்லையும் மண்ணையும் படிக்கிற படிப்பு. படித்து முடித்து 1918 வாக்கில் அவர் போய்ச் சேர்ந்த இடம் எது தெரியுமா? செங்கல் சூளை! ஆம் நண்பர்களே, டெல்லியில் ராம் சிங் காபூலி என்ற செங்கல் தொழிலதிபரிடம்தான் போய்ச் சேர்ந்தார். 1911-ல் தலைநகரைக் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாற்றப்போவதாக அறிவித்திருந்தார்கள். புது நகரம் எழும்பிக்கொண்டிருந்த சமயம். செங்கல்லுக்கு எவ்வளவு கிராக்கி இருந்திருக்கும் என்று அமைப்பியல் படிக்கும் நமக்குச் சொல்லவா வேண்டும்!

இந்த இடத்தைப் படித்ததும் நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்க அய்யா தேனிக்குப் பக்கத்தில் ஒரு காளவாசலில் கல் அறுக்கிறார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மா மண் மிதிக்கும், நானும் லீவு நாளில் கல் திருப்பிப் போட்டிருக்கிறேன். இங்கே முதல் வருஷம் சேர்ந்தபோது, ஹாஸ்டலில் அப்பா என்ன பண்றார் என்று கேட்டவர்களிடம் எல்லாம் விவசாயம் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்கே பதில் இல்லை. எங்க குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். காளவாசலை விட்டு ஓடி வந்தால்தான் படித்தவன் என்று மனசுக்குள் ஒரு நினைப்பு. இங்கே ஒருத்தர் என்னடா என்றால் காலேஜ் படித்துவிட்டு நேரே காளவாசலுக்குப் போய் நிற்கிறார்!

அந்த டெல்லிச் சூளையில் அப்துல்லா என்ற முதியவர் வேலை பார்த்தார். பட்டாணிய வம்சம். முஸ்லிம் மன்னர்கள் காலத்தில் மசூதிகளுக்கும் கல்லறைகளுக்கும் நீல ஓடு பதித்த குயவர் பரம்பரையில் மிஞ்சியிருந்தவர். அவருடைய நீலம் ஜப்பான் நீலம் இல்லை, அது மயில் கழுத்து நிறம். அது கோபால்ட்டில் வருவதில்லை, செம்பில் வருவது. கிளேஸில் சோடா மாதிரி காரம் கூடுதலாக இருந்தால் செம்பு அந்த நீலத்தைக் கொடுக்கும். காரத்துக்குப் பதில் ஈயம் சேர்ந்தால் அதே செம்பு பச்சையாகிவிடும். கெமிஸ்ட்ரியில் நாம் மார்க்குக்காக மனப்பாடம் பண்ணுகிற சமாச்சாரத்தை அப்துல்லா பரம்பரை கையளவில், கண்ணளவில் வைத்திருந்தது. அப்படிப்பட்ட தொழிலில் எதுவும் காகிதத்தில் இருக்காது. ஆள் போனால் நிறமும் போய்விடும். நிலவியல் படித்த இளைஞர் அந்தப் பெரியவரின் பக்கத்தில் இருந்து அந்த நீலத்தைக் கற்றார்.

1919-ல் காபூலி அவரை ஜப்பானுக்கு அனுப்பினார். ஒரு செங்கல் முதலாளி தன்னிடம் வேலை பார்க்க வந்தவனைக் கப்பலேற்றிப் படிக்க அனுப்புகிறார். இந்தக் காலத்தில் எந்த முதலாளி செய்வார்? நானும் தேடிப் பார்த்துவிட்டேன்.

டோக்கியோவில் அவர் சேர்ந்த இடம் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி. இதை நீங்கள் கொஞ்சம் நின்று கவனிக்கணும். அப்போது அது பல்கலைக்கழகம் இல்லை. தொழிற்சாலைக்கு ஆள் தயார் பண்ணுகிற பள்ளி, நம்ம பாலிடெக்னிக் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். 1929-ல்தான் பல்கலைக்கழகம் ஆயிற்று. அங்கே பீங்கான் பாடத்துக்கு அடிபோட்டவர்களில் முக்கியமானவர் கோட்பிரீட் வாக்னர் என்ற ஜெர்மானியர். 1870-ல் அரிட்டாவுக்குப் போய், கலப்படமில்லாத கோபால்ட் ஆக்சைடைப் பயன்படுத்தவும் நிலக்கரிச் சூளை கட்டவும் சொல்லிக்கொடுத்தவர். அதுவரை ஜப்பானியர் சீனாவிலிருந்து வரும் இயற்கையான கோபால்ட் மண்ணை விலை கொடுத்து வாங்கினார்கள். சுத்தமான கோபால்ட் வந்த பிறகு நீலக் கிண்ணம் ஏழை வீட்டுக்கும் இன்னும் சுலபமாக வந்தது. கண்ணை மூடிக்கொண்டு கொண்டாடவும் முடியாது. பழைய மையில் இருந்த ஏற்ற இறக்கமான மென்மையான நீலம் போய், பளீரென்று ஒரே மாதிரி நீலம் வந்துவிட்டதாக வருத்தப்பட்டவர்களும் உண்டு.

அதே பள்ளியின் பீங்கான் பிரிவில் படித்து வெளியே வந்தவர்கள்தான் ஷோஜி ஹமாடாவும் கான்ஜிரோ கவாயும். இருவரும் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற குயவர்கள். 1955-ல் ஜப்பான் அரசு ஹமாடாவுக்கு வாழும் தேசியச் செல்வம் போன்ற தகுதியைக் கொடுத்தது. கவாய் அந்த மாதிரி கௌரவங்களையே வேண்டாம் என்று தள்ளியவர். கெமிஸ்ட்ரி லேபில் கிளேஸ் கலந்து பழகியவர்கள்தான் இப்படிக் கலைஞர்கள் ஆனார்கள். குருசரண் சிங்குக்கு டோக்கியோவில் இவர்களுடன் பழக்கம் ஏற்பட்டது. ஆங்கிலேயக் குயவர் பெர்னார்டு லீச், கென்கிச்சி தோமிமோடோ, சோயெட்சு யானகி ஆகியோரும் அந்த வட்டத்தில் இருந்தார்கள். தோமிமோடோ வெள்ளையில் நீலம் தீட்டுவதில் பெயரெடுத்தவர். யானகி குயவர் இல்லை, சிந்தனையாளர். பெயர் தெரியாத கைவினைஞன், விலை குறைவாக, அன்றாடம் புழங்குவதற்கென்று செய்கிற சாமானில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்று அவர் வாதாடினார். 1925-ல் அவரும் ஹமாடாவும் கவாயும் சேர்ந்து அதற்கு மிங்கெய் என்று ஒரு பெயரே உண்டாக்கினார்கள். மக்கள் கலை என்று பொருள் சொல்லலாம். படகுக்காரன் சாப்பிட்ட அந்த ஹசாமிக் கிண்ணம் மாதிரிப் பொருள்களுக்கு இவர்கள் கொடுத்த மரியாதை அது.

தலைப்பாகையுடன் ஒரு சீக்கிய இளைஞர் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கிறேன். பாஷை தெரியாது, ஊர் தெரியாது, சாப்பாடு வேறு. நமக்கெல்லாம் தேனி பஸ் ஸ்டாண்டைத் தாண்டினாலே வயிற்றைக் கலக்குகிறது!

1922 வாக்கில் அவர் நாடு திரும்பினார். உடனே பெரிய புகழ் வந்துவிட்டது என்று நினைக்காதீர்கள். டெல்லியில் காபூலியின் தொழிலில் வேலை, பிறகு அம்பாலாவில் பஞ்சாப் அரசின் பீங்கான் துறைப் பணி என்று வருஷங்கள் ஓடின. நடுவில் தேசப் பிரிவினை வேறு. கிட்டத்தட்ட முப்பது வருஷம்! டோக்கியோவில் கற்றதைத் தன் இஷ்டப்படி செய்து பார்க்க அவருக்கென்று ஒரு இடம் கிடைக்க அவ்வளவு காலம் ஆயிற்று. 1952-ல், ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு, அரசு வேலையை முடித்துவிட்டு டெல்லியில் டெல்லி ப்ளூ ஆர்ட் பாட்டரி என்ற தன் சொந்தப் பட்டறையை ஆரம்பித்தார். டெல்லி நீலம் என்ற பெயரிலேயே அப்துல்லாவும் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்.

அங்கே என்ன செய்தார்? குவளை, தட்டு, கிண்ணம், கூஜா. அருங்காட்சியகத்து அலமாரிக்கு இல்லை, வீட்டில் புழங்க. அப்போது இந்தியாவில் கையால் செய்த பீங்கான் பாத்திரத்தில் சாப்பிடுகிற பழக்கமே இல்லை. மண் பாத்திரம் என்றால் ஒருமுறை புழங்கிவிட்டுப் போட வேண்டியது, எச்சில் பட்டால் தீட்டு. கழுவித் திரும்ப எடுக்கலாம் என்றால் பித்தளை, வெண்கலம். பணக்காரர் வீட்டில் தொழிற்சாலைப் பீங்கான். குயவனுக்கு ஊரில் கொடுத்திருந்த இடமும் நமக்குத் தெரியும். இந்த நிலையில் ஒரு பட்டதாரி, ஜப்பான் போய் வந்தவர், சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்து மண்ணில் கை வைக்கிறார். எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்! பழைய டெல்லி நீலப் பாத்திரம் குறைந்த சூட்டில் வெந்தது, பார்க்க அழகு, புழங்க நொறுங்கும். அதனால் ஸ்டோன்வேர் என்ற கல் போன்ற பாண்டத்துக்குப் போனார். சுமார் 1200 டிகிரிக்கு மேல் வேகும் மண். சூடான டீயையும் தாங்கும், கழுவிக் கவிழ்த்து வைக்கலாம்.

பட்டறைக்கு வருகிறவர்களுக்கு மறைக்காமல் சொல்லிக்கொடுத்தார். அவர் வாழ்க்கையில் எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பரம்பரை ரகசியமாக இருந்த ஒன்றை யார் கேட்டாலும் கொடுக்கிறது என்றால் சும்மாவா? சாதி, மதம், பெண், ஆண் என்று பார்க்காமல் வந்து கற்றார்கள். இன்று இந்தியாவில் ஸ்டுடியோ பாட்டரி என்று செய்கிற பலரின் குரு வரிசையைப் பிடித்துக்கொண்டே போனால் அவரிடம் போய் முட்டும். எல்லோரும் அவரை டாடிஜி என்று கூப்பிட்டார்கள். 1979-ல் இந்திய மண்பாண்டங்களைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புத்தகம் எழுதினார். 1991-ல் பத்மஸ்ரீ விருது. 1995-ல் மறைந்தார். கடைசிக் காலத்தில் இமாசலப் பிரதேசத்தில், காங்க்ரா பள்ளத்தாக்கின் அந்த்ரேட்டா கிராமத்தோடு அவருக்குத் தொடர்பு இருந்தது. அவருடைய மகன் அங்கே நடத்திய பட்டறையில் கிராமத்து ஆட்களே பாத்திரம் செய்தார்கள். அதுவும் நம்ம கம்பம் மாதிரி மலை சூழ்ந்த பள்ளத்தாக்குதான்.

நம்ம தமிழ்நாட்டுப் பக்கம் இதெல்லாம் இல்லையா என்று கேட்பீர்கள். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே இருக்கும் மண்ணிலேயே வெள்ளைக் களிமண் கிடைக்கிறது. பக்கத்தில் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பெயர் போனது. புதுச்சேரியில் 1971-ல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற அமெரிக்கர் இருவர் கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறை தொடங்கினார்கள். அந்த அம்மையாரும் ஜப்பானில் இருந்து வந்தவர்தான். அங்கேயும் சாப்பிடுகிற தட்டும் கிண்ணமும்தான் முதல் சரக்கு. மீக்கர் அதோடு நிற்கவில்லை. 1980-களில் பச்சை மண் கல்லால் வீடு கட்டி, அந்த வீட்டுக்குள்ளேயே விறகை அடுக்கித் தீ மூட்டி, வீட்டையே சூளையாக்கி வேகவைத்துப் பார்த்தார்! இதை அய்யாவிடம் சொன்னபோது அவர் நம்பவே இல்லை. கொஞ்ச நேரம் கழித்து, கூரை வளைவாகக் கட்டினால்தான் நிற்கும், தட்டையாகப் போட்டால் தீயில் இறங்கிவிடும் என்று அவராகவே சொன்னார். புத்தகத்தில் பார்த்தேன், வளைவுக் கூரைதான்.

போன செமஸ்டர் மெட்டீரியல் லேபில் செங்கல் சோதனை. அய்யா காளவாசலில் இருந்து இரண்டு கல் கொண்டுவந்தேன். ஊர்க் கல் என்று யாரிடமும் சொல்லவில்லை. 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து எடைபோட்டோம். சாதாரண வகைக் கல் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது விதி. அய்யா கல் 13 சதவீதம்தான் குடித்திருந்தது. யார் கல்லுப்பா இது என்று சார் கேட்டார். அப்போதுதான் முதல் தடவையாகச் சொன்னேன். வகுப்பே திரும்பிப் பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை. நல்ல பீங்கான் அரை சதவீதம் கூடக் குடிக்காது என்று அன்றைக்குத்தான் சார் சொன்னார். செங்கல்லும் பீங்கானும் ஒரே குடும்பம், வேக்காடும் மண்ணும்தான் வித்தியாசம் என்றும் சொன்னார். அன்று சாயங்காலம் நூலகத்தில் பீங்கான் புத்தகம் தேடப்போய்த்தான் குருசரண் சிங்கைக் கண்டேன்.

இந்தப் பொங்கல் லீவுக்கு ஊருக்குப் போனபோது அம்மாச்சியின் கிண்ணத்தை இறக்கிச் சில்லறையைக் கொட்டிவிட்டு அய்யா கையில் கொடுத்தேன். ரி சாம்பெய் கதையில் இருந்து டாடிஜி கதை வரைக்கும் சொன்னேன். அய்யா பாதிதான் கேட்டிருப்பார். கிண்ணத்தை ஒரு கையில் ஏந்தி, சூளைக் கல்லைத் தட்டிப் பார்ப்பது மாதிரி விரல் நகத்தால் ஒரு தட்டுத் தட்டினார். காதுப்பக்கம் கொண்டுபோய் இன்னொரு தட்டு. உடைந்த விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, நல்ல வேக்காடு, சூளைக்காரன் தூங்காமல் இருந்திருக்கிறான் என்றார். அப்புறம் அம்மாவைக் கூப்பிட்டு அதிலேயே மோர் ஊற்றச் சொன்னார்.